கடல் தண்ணீரிலும் முட்டை மிதக்கவில்லை, மச்சான்

திருகோணமலை
வியாழன் இரவு

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்பது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. மன்னித்துக்கொள். இன்றைக்கு எழுதாமல் படுக்க முடியாது. காரணம் என்னுடைய வகுப்பு. நாலாம் தரம், 31 பிள்ளைகள்.

"என்னடா படிப்பிக்கிறாய்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாயே, சொல்கிறேன். இந்தக் கிழமை கணிதத்தில் பின்னம். ஒரு ரொட்டியோடு அரையும் காலும் விளங்கிவிட்டது. தமிழில் கடிதம் எழுதுதல். இரண்டாம் மொழிச் சிங்களத்தில் நிறங்களின் பெயர்கள். அவையெல்லாம் தம்பாட்டில் போகின்றன. சுற்றாடல் பாடத்தில்தான் மிதப்பவை, அமிழ்பவை.

செவ்வாய்க்கிழமை விடிய கோட்டையடிக் கடற்கரைக்குப் போய் ஒரு வாளி கடல் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனேன். இரண்டு போத்தல், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் கடல் தண்ணீர். "பாருங்கள், கிணற்றுத் தண்ணீரில் முட்டை தாழும், கடல் தண்ணீரில் மிதக்கும்" என்று முதலே சொல்லிவிட்டேன். போட்டால் இரண்டிலும் தாழ்ந்துவிட்டது. 31 முகங்களும் என்னைப் பார்க்கின்றன. அப்போது பின் வாங்கிலிருந்து ஒரு குரல்: "உப்புக் காணாது சேர்."

யார் தெரியுமா? வருடத் தொடக்கத்திலிருந்து வகுப்பில் வாய் திறக்காதவன். அவனுடைய அம்மம்மா நிலாவெளி உப்பளத்தில் வேலை செய்தவவாம். கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் விட, அது தடித்துக்கொண்டே வரும் என்று அவனே எழும்பி நின்று சொன்னான். அவ கருவாட்டுக்கு உப்புக் கரைக்கும்போது முட்டை போட்டுப் பார்ப்பாவாம். முட்டை தலை காட்டும்வரை உப்புப் போட வேண்டுமாம். சரி, நீயே போடு என்று கரண்டியைக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. வகுப்பு முழுவதும் எண்ணுகிறது. ஐந்தாவது பெரிய கரண்டி கரைந்ததும் முட்டை மெல்ல எழும்பி வந்து மேலே நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ரீச்சர் ஓடி வந்துவிட்டா.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஒரு லீற்றர் கடல் தண்ணீரில் இருப்பது சுமார் 35 கிராம் உப்பு. புது முட்டை மிதக்க அதைப்போல மூன்று மடங்குக்குக் கிட்ட வேண்டும். பழைய முட்டையென்றால் குறைவாகவே போதும். நாள் போகப் போக ஓட்டின் நுண்ணிய துளைகளால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகிக் காற்று அறை பெருத்துவிடும். இத்தனை வருடம் படிப்பித்தும் கடல் தண்ணீர் போதாது என்பது எனக்குத் தெரியாது, மச்சான். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் ஆணி தாழும்போது இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது என்று கேட்டேன். அலுமினியத் தாளைக் காற்றில்லாமல் இறுக்கி நசுக்கி உருட்டிப் போட்டால் தாழ்வதையும், அதே தாளைத் தோணி போல மடித்து வைத்தால் மிதப்பதையும் காட்டினேன். பள்ளமாக இருந்தால் கூடத் தண்ணீரை ஒதுக்கும், ஒதுக்கிய தண்ணீரின் பாரத்துக்குத் தன் பாரம் சரியாகும்வரைதான் அது தாழும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கையை உயர்த்தி, "சேர், சீனக்குடாவுக்குக் கோதுமை கொண்டு வாற கப்பல் வரேக்க அடிச் சிவப்புத் தெரியாது. இறக்கிப்போட்டுப் போகேக்க சிவப்பு நிறையத் தெரியும்" என்றான். அப்பாவோடு வள்ளத்தில் போய்ப் பார்த்திருக்கிறான். நானும் நீயும் மூதூர் லோஞ்சில் எத்தனை தரம் அந்தக் கப்பல்கள் வரும் கொட்டியாரக் குடாவைக் கடந்திருப்போம்! இதைக் கவனித்தோமா? நீ கவனித்திருக்க நியாயமில்லை, வாந்தியெடுக்க உன் தலை முழு நேரமும் வெளியேதான் இருந்தது. அதை நான் வகுப்பில் சொல்லவில்லை, பயப்படாதே.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. கரும்பலகையில் இரண்டு நிரலாகச் சொற்களை எழுதி அவனை வாசிக்கச் சொன்னேன். கல், ஆணி, நாணயம், கட்டி என்று தடங்கலில்லாமல் வாசித்தான். இலை என்ற இடத்தில் நின்றுவிட்டான். தேங்காய் வரவில்லை. தக்கை வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் வகுப்புக்கே படிப்பித்த பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் நிலத்தைக் கீறிக்கொண்டிருந்தான். என் நெஞ்சு அடைத்துவிட்டது.

இரவு யோசித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அவன் நின்ற எல்லாச் சொல்லிலும் கொம்பு இருக்கிறது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்தின் குறி எல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் ஒலி பின்னால் வரும். தேங்காய் என்றால் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாயோ முதலில் த சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் எழுத்தை முழுதாகப் பார்த்துப் பிடித்துவிடுவார்கள். இவன் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போகிறான், கொம்பில் கால் தடக்குகிறது. இன்றைக்குச் சோதித்தேன். படகு, நங்கூரம், மீன், சுறா எல்லாம் வாசித்தான். வலை வரவில்லை. வலையை இழுக்கும் வீட்டுப் பிள்ளை, மச்சான்.

அடுத்த வருடம் ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் வினாத்தாள் முழுவதும் வாசிப்புத்தான். நேற்று ஒரு தாய் வந்து, "சேர், இந்த முட்டை விளையாட்டெல்லாம் புலமைப்பரிசிலுக்கு வருமா?" என்று கேட்டா. அவவில் பிழை சொல்ல மாட்டேன். நல்ல பள்ளிக்கூடம் கிடைக்க வேண்டும் என்ற தவிப்பு அவவுக்கு. ஆனால் இந்தப் பையனுக்காக யார் வந்து கேட்பார்கள்? அப்பா கடலில். கரைவலை இழுக்கும் நாட்களில் இவனும் வராமல் நின்றுவிடுகிறான். வாடைக் காற்று தொடங்கிக் கடல் குழம்பினால் வீட்டில் வருமானமே இல்லை. வராத நாட்களுக்கு இதுவரை இடாப்பில் கீறல் போட்டதுதான் நான் செய்தது. அந்தத் தாய் போன பிறகு அதை நினைத்து வெகுநேரம் வகுப்பிலேயே இருந்தேன்.

உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று இந்நேரம் விளங்கியிருக்கும். நாலாம் வகுப்பில் நீயும் வாசிக்க மாட்டாய். பின் வாங்கில் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாய். உன் முறை வரும்போது நான் மெதுவாகச் சொல்லித் தருவேன், நீ வாசிப்பதுபோலச் சொல்லுவாய். ஒரு நாள் பிடிபட்டு இரண்டு பேரும் அடி வாங்கினோமே. பிறகு ஐந்தாம் வகுப்பில் மழை விடுமுறை முடிந்து வந்தாய், வாசித்தாய். சைக்கிள் மாமா கடைப் பலகையைக்கூட விடாமல் வாசித்துக்கொண்டு நடந்தாய். அந்த விடுமுறையில் என்ன நடந்தது? யார் சொல்லித் தந்தது? நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இத்தனை வருடமாகவும் கேட்கவில்லை. கேட்டால் நோகும் என்று நினைத்தேன்.

இப்போது கேட்கிறேன். எழுத்துகள் உனக்கு எப்படித் தெரிந்தன, எது முதலில் பிடிபட்டது, யாருடைய எந்தச் சொல் உதவியது, எது வெட்கப்படுத்தியது என்று ஒன்றும் விடாமல் எழுது. போனில் சொல்லாதே, போனில் நீ சிரித்துக் கதையை மாற்றிவிடுவாய். திங்கட்கிழமையிலிருந்து இடைவேளையில் அவனோடு தனியே இருக்கப்போகிறேன். கொம்பு உள்ள எழுத்துகளைத் தனித் தனி மட்டைகளில் எழுதி வெட்டி வைத்திருக்கிறேன். கொம்பையும் எழுத்தையும் ஒரே மட்டையில், ஒரே நிறத்தில் எழுதினால் கண் ஒன்றாகப் பிடிக்குமோ என்று ஒரு யோசனை. சரியா பிழையா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நாளைக்கு அவன் பழைய வலைத்துண்டு ஒன்று கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான், மேல் கயிற்றின் மிதப்புக் கட்டையையும் கீழ்க் கயிற்றின் ஈயத்தையும் வகுப்புக்குக் காட்ட. முதல் மட்டையில் 'வலை' என்றே எழுதியிருக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். கெதியாகப் பதில் போடு.

உன்
மச்சான்