இரண்டு ஊர் கேட்ட கப்பல்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் மீன் வாங்க என்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்கிறாள். நான் பார்த்து வாங்குகிற மீன் மேல் அவளுக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது.

ஆஸ்திரேலியக் குடியுரிமை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி அப்படியே போட்டு வைத்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நீங்க என்ன நினைப்பீங்களோன்னு யோசிச்சிட்டே இருக்கா மாமா" என்றார். இதைப் போனில் பேசினால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றுவேன், அம்மா போனைப் பிடுங்குவாள். அதனால்தான் கடிதம். நேரே விஷயத்துக்கு வர எனக்கு வராது, உனக்கே தெரியும். முதலில் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் வந்திருந்தபோது போர்ட் அடிலெய்டில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினீர்களே, 'சிட்டி ஆஃப் அடிலெய்டு' என்ற பழைய பாய்க்கப்பல், அதைத்தான் சொல்கிறேன். பேரனுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது. நான் உள்ளே இறங்கி, விலா எலும்பு மாதிரி நிற்கிற அதன் வங்குகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன், நீ மேலேயிருந்து கூப்பிட்டபடி இருந்தாய். கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்த காலம் முழுக்கத் தூத்துக்குடி தோணித் துறையைத் தாண்டித்தானே போய் வந்தேன். ஏரா என்கிற அடிக்கட்டை போட்டு, வங்கு நிறுத்தி, பலகை அடித்து, இடுக்கில் பஞ்சு திணிக்கிறவரை தோணி கட்டுவதைப் பார்த்தவன். நம் தோணிக்கு வங்கு முதல் பலகை வரை எல்லாமே மரம். இந்தக் கப்பலுக்கு வங்கு இரும்பு, மேலே அடித்த பலகை மரம். அது ஏன் என்ற கேள்வி ஊருக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. தேடித் தேடிப் படித்தேன்.

காரணம் எளிதுதான். முழுக்க மரத்தில் கட்டினால் வங்குகள் கனமாகி இடத்தை அடைத்துக்கொள்ளும். முழுக்க இரும்பில் கட்டினால் வெப்பக் கடலில் அடிப்பகுதி பூராவும் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் குறைந்துவிடும். ஒட்டாமல் இருக்கச் செம்புக் கலவைத் தகடு அடிக்க வேண்டும், ஆனால் இரும்பின் மேல் நேராக அதை அடித்தால் உப்புத் தண்ணீரில் இரும்பு அரித்துப்போகும். அதனால் எலும்பு இரும்பில், தோல் மரத்தில், மரத்தின் மேல் தகடு. இங்கிலாந்தின் சண்டர்லாண்டில் வில்லியம் பைல் என்பவர் தன் பட்டறையில் கட்டி 1864 மே மாதம் ஆற்றில் இறக்கினார். லண்டன் கிரீனிச்சில் நிற்கிற பேர்பெற்ற 'கட்டி சார்க்' கப்பலும் இதே முறையில் கட்டியதுதான், ஆனால் அது 1869இல் வந்தது. அது சரக்குக்காகக் கட்டியது. உன் ஊர்க் கப்பல் ஆட்களையும் ஏற்றிப் போகவென்றே கட்டியது.

1864 முதல் 1887 வரை லண்டனுக்கும் அடிலெய்டுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை போய்த் திரும்பி, மொத்தம் 23 பயணம். அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கி, ஆப்பிரிக்காவின் முனைக்கும் கீழே போய், 40 டிகிரிக்குத் தெற்கே ஓயாமல் வீசுகிற மேற்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே ஓடும். ஒருமுறை 65 நாளில் போய்ச் சேர்ந்ததைச் சாதனையாகச் சொல்கிறார்கள். அப்போது நீராவிக் கப்பலே இல்லையா என்று நீ கேட்பாய். இருந்தது. ஆனால் அவ்வளவு தூரத்துக்கு நிலக்கரியைச் சுமந்தால் சரக்குக்கு இடம் ஏது? 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகும் ஆஸ்திரேலியா வழியில் பாய்க்கப்பல்கள் வெகுகாலம் தாக்குப்பிடித்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

காசு உள்ளவர்களுக்கு அறை, இல்லாதவர்களுக்கு அடுக்குப் படுக்கை. ஏறினவர்கள் கைதிகள் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியா 1836இல் தொடங்கின காலனி, கைதிகளைக் கொண்டுவந்து இறக்குவதில்லை என்ற ஏற்பாட்டோடு தொடங்கியது. நிலமும் வேலையும் தேடிப் போன குடும்பங்கள்தான் அதிகம். திரும்பி வரும்போது கம்பளி, செம்பு, கோதுமை, கூடவே திரும்பிப் போகிற சில பயணிகள். காலியான நாட்டுக்குப் போய் ஊர் உண்டாக்கினார்கள் என்கிற மாதிரிப் பல இடத்தில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அங்கே ஏற்கெனவே பூர்வகுடிகளான கௌர்னா மக்கள் இருந்தார்கள். உங்கள் பள்ளி விழாவில்கூட முதலில் அவர்களைச் சொல்லித்தானே தொடங்கினார்கள்.

1874 ஆகஸ்டில் நடந்ததைப் படித்தபோது உன் நினைவுதான் வந்தது. அந்தப் பயணத்தில் கப்பலுக்குள் ஸ்கார்லெட் காய்ச்சல் என்ற தொற்றுநோய் பரவிச் சிலர் இறந்தார்கள். அவ்வளவு கடலையும் தாண்டிவிட்டு, துறைமுகத்துக்குச் சில கிலோமீட்டர் இருக்கும்போது புயலில் கிரேஞ்ச் பக்கத்துக் கடற்கரையில் போய்த் தரைதட்டி நின்றுவிட்டது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிற கடற்கரைதான் செல்வி. கரை கண்ணெதிரே இருக்கிறது, இறங்க முடியவில்லை. நீ முதன்முதலில் விசாவுக்காகக் காத்திருந்தபோது சாப்பிடாமல் கிடந்தாயே, அதைத்தான் நினைத்தேன். அப்புறம் பாரத்தைக் குறைத்து, கப்பலை மிதக்கவிட்டு இழுத்து வந்தார்கள். அதற்குப் பிறகும் பதிமூன்று வருஷம் அதே வழியில் ஓடியிருக்கிறது.

இன்னொரு விஷயம். இதை யாரும் அங்கே எழுதி மாட்டியிருந்ததாக ஞாபகம் இல்லை. அதே வில்லியம் பைல் பட்டறையில் 1868இல் 'சிரியா' என்று ஓர் இரும்புப் பாய்க்கப்பலும் கட்டினார்கள், நூர்ஸ் என்ற கப்பல் கம்பெனிக்காக. அதில் ஏறினவர்கள் ஒப்பந்தக் கூலிகள். 1884 மார்ச்சில் கல்கத்தாவில் புறப்பட்டு, மே 11ஆம் தேதி ராத்திரி பிஜித் தீவில் நசிலாய் என்ற இடத்துப் பவளப்பாறையில் மோதி உடைந்தது. கிட்டத்தட்ட ஐந்நூறு பேர் பயணிகள், செத்தவர்கள் 59 பேர், அதில் மூன்று பேர் மாலுமிகள். மெக்ரெகர் என்ற டாக்டர்தான் படகுகளோடு போய் உயிரோடிருந்தவர்களை மீட்க முன்னின்றவர். ஒரே பட்டறை, ஒரே ஆற்றங்கரை. ஒரு கப்பலில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார்கள், இன்னொன்றில் ஐந்து வருஷத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஐந்து முடிந்து இன்னும் ஐந்து வருஷம் இருந்தால்தான் இலவசமாகத் திரும்பக் கப்பல் கிடைக்கும். வடநாட்டு ஜனங்கள் அவர்கள். நம் பக்கத்தில் தட்டப்பாறையில் முகாம் போட்டு, இலங்கைத் தோட்டத்துக்குப் போகிறவர்களை நிறுத்தி வைத்துச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். தட்டப்பாறை ஸ்டேஷனை ரயிலில் எத்தனை தடவை தாண்டியிருப்போம், ஒருநாளாவது உனக்கு இதைச் சொன்னேனா தெரியவில்லை.

சரி, கப்பலுக்கு வருகிறேன். 1887க்குப் பிறகு அது பட்டபாடு கொஞ்சமில்லை. கொஞ்ச நாள் நிலக்கரி ஏற்றியது. பிறகு மரம் ஏற்றி வட அமெரிக்கா போய் வந்தது. 1893இல் சவுத்தாம்டன் நகராட்சி வாங்கி, தொற்றுநோய்க்காரர்களைத் தனியே வைக்கிற மிதக்கும் ஆஸ்பத்திரி ஆக்கியது, முப்பது வருஷம். 1923இல் பிரிட்டிஷ் கடற்படை வாங்கியது. அந்த நேரம் 'அடிலெய்டு' என்ற பேரில் ஒரு போர்க்கப்பல் ஏற்கெனவே இருந்ததால் குழப்பம் வராமல் இதன் பேரை 'கேரிக்' என்று மாற்றிவிட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கிளாஸ்கோவில் கடற்படைக்காரர்களின் கிளப்பாக ஆற்றோரம் கட்டிக் கிடந்தது. 1991இல் துறையிலேயே முழுகியும் போனது. அடுத்த வருஷம் மேலே எடுத்து, ஸ்காட்லாந்தில் இர்வின் என்ற ஊரின் கப்பல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கரையேற்றி வைத்துப் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள், காசு தீர்ந்துவிட்டது. 2000இல் உடைத்துவிட அனுமதி கேட்டார்கள். அந்தக் கப்பல் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இருந்ததாம், கட்டடமாம்! அதனால் உடனே உடைக்க முடியவில்லை. அரசாங்கப் பட்டியல்கள் எப்போதாவது நல்லதும் செய்கின்றன.

அப்போதுதான் இரண்டு ஊரும் வந்து நின்றன. நாங்கள் பெற்ற கப்பல், எங்களிடம் கொடு என்று சண்டர்லாண்ட். எங்கள் ஊர்ப் பேர் வைத்து எங்கள் சனத்தைச் சுமந்து வந்த கப்பல், எங்களுக்குத்தான் என்று அடிலெய்டு. பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரு பெண்ணுக்காக மல்லுக்கு நின்ற மாதிரி. சண்டர்லாண்ட்காரர் ஒருவர் கப்பலுக்குள் ஏறி உட்கார்ந்து போராட்டமே நடத்தினார். 2010இல் ஸ்காட்லாந்து அரசு அடிலெய்டு பக்கம் தீர்ப்புச் சொன்னது. கப்பலைத் தாங்குகிற இரும்புத் தொட்டிலைத் தெற்கு ஆஸ்திரேலியாவில் செய்து கடல் வழியே அனுப்பினார்கள். 2013 செப்டம்பரில் இர்வினிலிருந்து கிளம்பியது. வழியில் கிரீனிச்சில் நிறுத்தி, அக்டோபரில் ராணி எலிசபெத்தின் கணவர் எடின்பரோ கோமகன் பிலிப் முன்னிலையில் பழைய பேரையே திரும்ப வைத்தார்கள். பெரிய சரக்குக் கப்பலின் முதுகில் ஏறி 2014 பிப்ரவரியில் போர்ட் அடிலெய்டு வந்து சேர்ந்தது. இத்தனை காற்றைப் பிடித்து ஓடின கப்பல் கடைசிப் பயணத்தை இன்னொரு கப்பல் மேல் உட்கார்ந்து வந்தது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

சண்டர்லாண்ட்காரர்கள் இன்னும் வருத்தத்தில் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வருத்தப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்காகக் கப்பலை அந்தக் கரையிலேயே மக்கவிட்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்?

எனக்கும் வருத்தம் இருக்கிறது செல்வி. இல்லையென்று எழுதினால் நீ நம்பமாட்டாய். உன் இந்தியப் பாஸ்போர்ட் போலீஸ் விசாரணைக்கு வந்த ஏட்டய்யாவுக்கு அம்மா காபி போட்டுக் கொடுத்தது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை ஒப்படைக்க வேண்டும் என்று நினைத்தால் வயிற்றில் என்னமோ செய்யத்தான் செய்கிறது. ஆனால் அது என்னுடைய வருத்தம். அதை நீ உன் விண்ணப்பத்தின் மேல் பாரமாக ஏற்றி வைக்க வேண்டாம். நீ வாழ்கிற ஊரில், வரி கட்டுகிற ஊரில், உன் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல உனக்கு ஓட்டு வேண்டாமா? நீ இருக்கிற அந்தக் காலனி 1894லேயே பெண்களுக்கு ஓட்டும், தேர்தலில் நிற்கிற உரிமையும் சேர்த்துச் சட்டம் போட்ட இடம். அங்கே போய் ஓட்டில்லாமல் உட்கார்ந்திருப்பாயா?

நான் இங்கே விசாரித்துவிட்டேன். இரட்டைக் குடியுரிமை நம் நாட்டில் கிடையாது. அந்தக் குடியுரிமை கிடைத்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்று வாங்கிக்கொள். ஒப்படைக்குமுன் எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின நம்மவர்களுக்கு இந்திய அரசு தருகிற ஓசிஐ அட்டைக்கு அந்தச் சான்று வேண்டும். அட்டை இருந்தால் விசா இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். இங்கே ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவதற்குத் தடையில்லை. தாத்தாவின் அந்தத் துண்டு நிலத்தைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம், அது உனக்கும் தம்பிக்கும்தான். தம்பியிடமும் பேசிவிட்டேன்.

அம்மாவிடம் நீ சொல்லாதே, நானே சொல்கிறேன். இரண்டு நாள் பேசமாட்டாள், மூன்றாம் நாள் குடியுரிமை கொடுக்கிற விழாவுக்கு என்ன சேலை கட்ட வேண்டும் என்று கேட்பாள். ஆகவே தேதி தெரிந்ததும் உடனே சொல், எங்களுக்கு விசாவுக்கு எழுதிப்போட வேண்டும். போன தடவை பேங்க் ஸ்டேட்மெண்ட் எத்தனை மாதத்துக்குக் கேட்டார்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா