பன்னிரண்டு வயதில் நீ கேட்ட கேள்வி

அன்பு மகள் எஸ்தருக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணியபோது பொழுது சாய்ந்து, குடும்ப ஜெபம் முடிந்து அப்போதுதான் எழுந்திருந்தோம். முதல் வார்த்தையிலேயே நீ அழுதிருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. டப்ளினில் உன்னோடு வேலை பார்க்கிற பெண் காட்டிய வீடியோவைப் பற்றிச் சொன்னாய். நம் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையை ஆரம்பித்தவர்கள் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை, நம்பாதவர்கள், சபை அதை மறைத்துவிட்டது என்று அதில் சொல்கிறார்களாம். “இது உண்மையாம்மா?” என்று கேட்டாய். போனில் நாலு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர்கள் நம்பவில்லை என்பது உண்மைதான் மகளே. முன்னோடிகளில் பெரும்பாலானோர் திரித்துவத்தை ஏற்கவில்லை. அரைகுறையாகவும் அல்ல, அச்சில் எழுதி வாதாடியே மறுத்தார்கள்.

ஜோசப் பேட்ஸ் உனக்குத் தெரியும். கப்பல் கேப்டனாக இருந்தவர், சனிக்கிழமையே ஓய்வுநாள் என்ற சத்தியத்தை நம் ஆட்களிடம் கொண்டுசேர்த்தவர். அவருடைய பெற்றோர் இருந்த சபை திரித்துவத்தைப் போதித்த சபை. அவரோ 1827ல் மாசசூசெட்ஸில் உள்ள ஃபேர்ஹேவனில் ‘கிறிஸ்டியன் கனெக்‌ஷன்’ என்ற கூட்டத்தாரோடு சேர்ந்தார். வேதாகமத்தைத் தவிர வேறு விசுவாசப் பிரமாணம் கிடையாது என்றவர்கள் அவர்கள். அப்போது தன் அப்பாவிடம் அவர் சொன்னதைப் பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். நீங்கள் என் தகப்பன், நான் உங்கள் மகன். அதே சமயம் நானே உங்கள் தகப்பன், நீங்களே என் மகன் என்று எனக்கு விளங்கவைத்துவிட்டால் நானும் திரித்துவத்தை நம்புகிறேன் என்றாராம். இதைப் படித்த அன்று நான் அந்தப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். அந்த அப்பா என்ன பதில் சொன்னாரோ என்பதிலேயே என் மனம் போய்க்கொண்டிருந்தது.

கவனித்தாயா, அவர் மறுத்தது பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்ற எண்ணத்தை. திரித்துவம் அப்படிச் சொல்லவே இல்லை. ஒரே தேவன், மூன்று ஆள்கள் என்றுதான் சொல்கிறது. ஆனால் அவர் காதில் விழுந்தது அப்படித்தான்.

நம் சபையை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஒயிட்டும் அதே கனெக்‌ஷனில் போதகராக இருந்தவர். 1846ல் எழுதிய ஒரு கடிதத்தில், இயேசுவே நித்திய தேவன் என்கிற பழைய திரித்துவப் பிரமாணம் வேதத்துக்குப் புறம்பானது என்று எழுதினார். அந்த ஆண்டை யோசித்துப் பார். 1844 அக்டோபர் 22ல் கர்த்தர் வருவார் என்று காத்திருந்து ஏமாந்த ஜனங்கள். அவர்களில் சிலர், அவர் வந்துவிட்டார், ஆவியாக நம் இருதயத்துக்குள் வந்துவிட்டார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஜேம்ஸ் ஒயிட்டுக்கோ மேகங்களில் வருகிற இயேசு வேண்டும், கண்ணால் பார்க்கிற இயேசு. சபைகளின் பழைய பிரமாணங்களில் தேவனுக்குச் சரீரமில்லை, அங்கங்கள் இல்லை, உணர்ச்சிகள் இல்லை என்று வரும். அந்தப் பேச்சு பிதாவையும் குமாரனையும் ஆளே இல்லாத புகையாக்கிவிடுகிறது என்று அவர்கள் பயந்தார்கள். 1855ல் இன்னொரு முன்னோடியான ஜே. என். ஆண்ட்ரூஸும் இதையே எழுதினார்: நிசேயாவில் 325ல் சபைத் தலைவர்கள் கூடிய சங்கம் கொண்டுவந்த இந்த உபதேசம் தேவனும் அவர் குமாரனும் ஆள்தன்மையுள்ளவர்கள் என்பதையே அழிக்கிறது என்று.

இதை எல்லாம் ‘தவறாகப் புரிந்துகொண்டார்கள்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நம் ஆட்களில் சிலர் அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது நேர்மை அல்ல. முன்னோடி லஃப்பரோ 1861ல் திரித்துவத்தை மறுக்க மூன்று காரணங்களை வரிசையாக எழுதினார்: அது பகுத்தறிவுக்கு ஒவ்வாது, வேதத்துக்கு மாறானது, அதன் பிறப்பிடம் அஞ்ஞானிகளிடம். இன்னொரு முன்னோடியான உரையா ஸ்மித் 1865ல் கிறிஸ்துவை முதலாவது சிருஷ்டிக்கப்பட்டவர் என்றே எழுதிவிட்டார். பிற்பாடு அதை விட்டுவிட்டு, சிருஷ்டிக்கப்படவில்லை, பிதாவிடமிருந்து பிறந்தவர் என்று மாற்றிக்கொண்டார். புரியாமல் சொன்னவர்களும் இருந்தார்கள், நன்றாகப் புரிந்தே மறுத்தவர்களும் இருந்தார்கள்.

இனி எனக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன்.

உனக்குப் பன்னிரண்டு வயது. ஞானஸ்நான வகுப்பு நான்தான் எடுத்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் எழுந்து, “டீச்சர், சிலுவையில் செத்தது யார்? கடவுள் சாவாரா?” என்று கேட்டாய். அம்மா என்று கூப்பிடாமல் டீச்சர் என்று கூப்பிட்டாய், அது இன்னும் நினைவிருக்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. “இதெல்லாம் கேட்கக்கூடாது, விசுவாசிக்க வேண்டும்” என்று அதட்டி உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு நீ வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நம் சபைப் பத்திரிகையான ரிவ்யூவின் பழைய இதழ்களைப் படிக்க ஆரம்பித்தேன். சபையே அவற்றை ஸ்கேன் செய்து எல்லோரும் படிக்கும்படி போட்டிருக்கிறது. உன் தம்பி டேப்லெட்டில் எடுத்துத் தந்தான். அப்போதுதான் ஜே. எச். வாகனரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். பாவநிவாரணத்தைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். அவர் கேட்டது நீ கேட்ட அதே கேள்வி! திரித்துவக்காரர்கள் தேவகுமாரனின் தெய்வீகம் சாக முடியாது, மனுஷ சுபாவம் மட்டும்தான் மரித்தது என்கிறார்களே, அப்படியானால் நமக்காகக் கொடுக்கப்பட்டது வெறும் மனுஷ பலிதானே, அது உலகத்தின் பாவத்துக்கு எப்படிப் போதும் என்று கேட்டார். சிலுவையின் விலை குறைந்துவிடக்கூடாதே என்கிற தவிப்பு அவருக்கு. முன்னோடிகளில் ஒருவரை வாட்டிய கேள்வியைத்தான் நான் வகுப்பில் வாய் திறக்காதே என்று அடக்கினேன்.

சரி, பிறகு எப்படி மாறியது? ஒரே நாளில் யாரும் மாற்றவில்லை. ஜேம்ஸ் ஒயிட்டே 1876ல், கிறிஸ்துவின் தெய்வீகத்தில் நம் நம்பிக்கை திரித்துவக்காரருடையதுக்கு மிக நெருக்கமாக இருக்கிறது, இதில் பெரிய தகராறு வராது என்று எழுதும் அளவுக்கு வந்திருந்தார். 1888ல் மினியாபோலிஸில் நடந்த நம் சபை மாநாட்டில் ஜோன்ஸ் என்ற போதகரும், அந்த வாகனருடைய மகன் ஈ. ஜே. வாகனரும் கிறிஸ்துவின் நீதியைப் பற்றிப் பேசினார்கள். நம்மை இரட்சிக்கிறவர் முழுத் தேவனாக இல்லாவிட்டால் எப்படி என்ற எண்ணம் அங்கிருந்து வலுத்தது. ஆனாலும் மகன் வாகனர் 1890ல், நம் அறிவுக்கு எட்டாத நித்தியத்தின் தொலைவில் குமாரன் பிதாவிடமிருந்து புறப்பட்டு வந்த ஒரு காலம் உண்டு என்றுதான் எழுதினார். பாதி வழி.

அப்புறம் 1898. ஜேம்ஸ் ஒயிட்டின் மனைவி, நம் சபையை ஆரம்பித்தவர்களில் ஒருவரான எலன் ஒயிட் அம்மையார் ஆஸ்திரேலியாவில் இருந்த ஆண்டுகளில் எழுதிய, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘டிசையர் ஆஃப் ஏஜஸ்’ என்ற புத்தகம் வெளிவந்தது. லாசருவின் கல்லறைப் பகுதியில் ஒரு வரி: கிறிஸ்துவில் இருக்கிற ஜீவன் மூல ஜீவன், கடன் வாங்காதது, வேறெதிலிருந்தும் பெறப்படாதது. குமாரன் பிதாவிடமிருந்து வந்தவர் என்றே நம்பியிருந்த நம் சபையை அந்த ஒரு வரி உலுக்கியது. எம். எல். ஆண்ட்ரியாசன் என்ற இளம் போதகருக்கு, இதை அம்மையார்தான் எழுதினாரா, யாராவது இடையில் சேர்த்தார்களா என்று சந்தேகம். கலிஃபோர்னியாவில் இருந்த அம்மையாரின் வீட்டுக்கே போய்க் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தார். அம்மையார் கையாலேயே எழுதியிருந்தது.

எனக்குப் பிடித்தது ஆண்ட்ரியாசன் செய்த காரியம். நம்ப முடியவில்லை என்றதும் அவர் விசுவாசத்தை விட்டு ஓடவில்லை, வாயை மூடிக்கொண்டு உட்காரவும் இல்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எலன் ஒயிட் திரித்துவம் என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லை, தெரியுமா? பரிசுத்த ஆவியானவரைத் தேவத்துவத்தின் மூன்றாம் நபர் என்றார், பரலோகத்தின் மூவர் என்றார், அந்தச் சொல்லை மட்டும் தொடவில்லை. அதற்கு மேல் ஊகித்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

அதன்பின்னும் விவாதம் ஓயவில்லை. 1919 வேத மாநாட்டில் போதகர்கள் இதைப் பற்றி ஒருவரோடொருவர் வாதாடியிருக்கிறார்கள். 1931ல் நாலு பேர் குழு எழுதி வருடாந்தரப் புத்தகத்தில் அச்சான விசுவாச அறிக்கையில்தான் திரித்துவம் என்ற சொல் இடம்பெற்றது. முறைப்படி உலகப் பொது மாநாடு ஓட்டுப் போட்டு ஏற்றது 1980ல், டல்லஸில். நான் ஞானஸ்நானம் எடுத்தது அதற்கு முந்தி!

அந்தப் பெண் சொல்கிற மாதிரி யாரும் ஒளித்துவைக்கவில்லை. 1963லேயே நம் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் எர்வின் கேன் என்பவர் இதைப் பற்றி ஆய்வேடு எழுதியிருக்கிறார். ஆனால் நம் ஊர் ஓய்வுநாள் பள்ளியில் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அது எங்கள் தவறு. நாங்கள் சொல்லியிருந்தால் இதை நீ யாரோ ஒருத்தி காட்டிய வீடியோவிலிருந்து தெரிந்துகொள்ளும்படி ஆகியிருக்காது.

அந்த வீடியோக்காரர்கள் திரித்துவம் என்ற சொல் இல்லாத 1872 விசுவாச அறிக்கைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்கிறார்களாமே. உரையா ஸ்மித் எழுதிய அந்த அறிக்கையின் முகவுரையே, வேதாகமத்தைத் தவிர எங்களுக்கு வேறு பிரமாணம் இல்லை என்றுதான் தொடங்குகிறது. முன்னோடிகளைப் பின்பற்றுவது என்றால் அவர்கள் வந்துசேர்ந்த இடத்திலேயே கூடாரம் அடித்து உட்காருவதா? நம் ஓய்வுநாள் தொடங்குகிற வெள்ளிக்கிழமை மாலையையே எடுத்துக்கொள். பத்து வருஷம்போல அவர்கள் ஓய்வுநாளை மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் மாலை ஆறு மணி வரை ஆசரித்தார்கள். பேட்ஸ் கப்பல்காரர் இல்லையா, பூமத்திய ரேகையில் ஆறு மணிவாக்கில் சூரியன் மறைகிற கணக்கு அது. 1855ல் ஆண்ட்ரூஸ் வேதத்தை ஆராய்ந்து, சூரியன் அஸ்தமிப்பதுதான் எல்லை என்று காட்டினார். மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால், கோடையில் ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிற அந்த ஊரில் நீ ஆறு மணிக்கே ஓய்வுநாளைத் தொடங்கிக்கொண்டிருப்பாய். ஆறு மணி தவறு என்று காட்டிய அதே ஆண்ட்ரூஸ்தான் அதே ஆண்டில் திரித்துவத்தை மறுத்தும் எழுதினார். ஒன்றில் அவர் சரி, இன்னொன்றில் சரியில்லை என்று நான் நினைக்கிறேன். இரண்டையும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதினார்.

அவர்கள் கள்ளப் போதகர்களா என்று கேட்டாய். இல்லை. இயேசுவைத் தொழுவதை ஒரு நாளும் நிறுத்தாதவர்கள். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே என்றுதான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்லட்டுமா? இன்றைக்கும் எனக்கு முழுதும் விளங்கவில்லை. ஆனால் 1 கொரிந்தியர் 2:8ல் பவுல், அறிந்திருந்தால் அவர்கள் மகிமையின் கர்த்தரைச் சிலுவையில் அறைந்திருக்கமாட்டார்கள் என்கிறார். வெறும் மனுஷனை என்று சொல்லவில்லை. தேவன் தம்மைவிடச் சற்றுக் குறைந்த ஒருவரைச் சாக அனுப்பிவிட்டு மேலே இருந்துகொண்டார் என்றால், அந்த அன்பில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. வந்தவர் முழுத் தேவன் என்றால் தேவன் தாமே வந்தார். வாகனர் எந்தச் சிலுவையின் விலைக்காக மன்றாடினாரோ அந்த விலை அப்போதுதான் எனக்கு முழுதாகிறது. அவர் தெய்வீகம் எப்படி மரணத்துக்குள் போனது என்று கேட்டால், தெரியாது மகளே. அன்றைக்கு வகுப்பில் இந்தத் ‘தெரியாது’வைச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளி ராத்திரி ஷிஃப்ட் இல்லை என்றாய். அப்படியானால் யோவான் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்குவோம். நீ கேள் (எத்தனை கேள்வியானாலும் சரி), நான் பக்கத்தில் பென்சில் வைத்து எழுதிக்கொள்கிறேன். அப்பாவும் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே சூரியன் மறைந்ததும் கூப்பிடு.

முத்தங்களுடன்,
அம்மா