பழைய போனுக்குள் இருந்த கார்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அல்சூரில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். போன மாதம் என் பழைய ஆண்ட்ராய்டு போனை ஒரு கடையில் விற்றேன். படம், மெசேஜ் எல்லாவற்றையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். நான்காம் நாள் அதை வாங்கியவர் தேடிப்பிடித்து என்னைக் கூப்பிட்டார். "அம்மா, உங்க பேத்தியோட காதுகுத்து படம், ஆதார், பாஸ்புக் எல்லாம் இதுலயே இருக்கு." எனக்குக் கை நடுங்கிவிட்டது. சிம் தட்டில் சுண்டுவிரல் நகம் அளவு மெமரி கார்டு, அதை எடுக்கவே மறந்திருக்கிறேன். நல்ல மனிதர், வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்.

அப்புறம்தான் மகன் விளக்கினான். கூகுள் போட்டோஸில் அழித்த படம் உடனே போய்விடாது. குப்பைத்தொட்டியில் 30 நாள், இணையத்தில் நகலாகப் பேக்கப் ஆகியிருந்தால் 60 நாள் கிடக்கும். அதனால் விற்கும் முன் செட்டிங்ஸில் போய் ஃபேக்டரி ரீசெட், அதாவது போனைப் புதிதாக வாங்கிய நிலைக்கே திருப்பும் வசதியைக் கொடுக்க வேண்டும். இப்போது வரும் போன்களில் தகவல்கள் பூட்டியே இருக்கின்றன. ரீசெட் செய்தால் அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடும். ஆனால் மெமரி கார்டில் இருப்பது பொதுவாக அப்படியே இருக்கும், அதைக் கையால்தான் கழற்ற வேண்டும். ரீசெட்டுக்கு முன்பே கூகுள் கணக்கையும் நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிறவர் அந்தக் கணக்கைக் கேட்டு நிற்கும் போனோடு திண்டாட நேரலாம்.

பழைய போன் வாங்கும் கடைக்காரர்கள் எங்கள் கண்முன்னே ரீசெட் செய்து, கார்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பணம் தரட்டும். சில நிமிட வேலை. என் வயதுக்காரர்களுக்காகத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு அட்டை எழுதி மாட்டினால் இன்னும் நல்லது.

வாசகி, அல்சூர், பெங்களூரு