மூன்று இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம்

நேப்பர்வில், சிகாகோ அருகே,
ஜூன், வியாழன் இரவு

ஏட்டி ஜெயா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. இவருக்கு வேலை இருக்கிறது. பெரியவனுக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டதால் வீட்டில் யாருடனும் பேசுவதில்லை. உன் வீட்டுச் சேதியை மதினி போனில் சொல்லிவிட்டாள். தங்கச்சி கல்யாணத்துக்கு வராததற்கு நீ திட்டுவதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி ஒரு கூட்டத்தில் தொண்டை வற்றச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது. இந்த வீட்டில் நான் "சாஃப்ட்பால்" என்று வாயைத் திறந்தாலே, "கீழிருந்து வீசுகிற பேஸ்பால்தானே" என்று இவர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். நீ பி.டி. டீச்சர், சம்பளம் வாங்குகிறாய், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் இப்போது விதிக்குழுவில் இருக்கிறேன். சிரித்து முடி, காத்திருக்கிறேன். சிஸ்டரின் விசிலைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டவள் விதிக்குழுவிலா என்று நீ கேட்பது இங்கே வரை கேட்கிறது. நானாகப் போகவில்லையட்டி. சின்னவள் ஆடும் பெண்பிள்ளைகள் லீக்கில், பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில், ஸ்கோர் புத்தகம் எழுத ஆள் கிடைக்கவில்லை. எறிபந்துக்கு நாலு வருஷம் நோட்டு எழுதின கை சும்மா இருக்குமா? ஸ்கோர் எழுதுகிறவள் விதியைப் படித்தாக வேண்டும், விதியைப் படித்தவளைப் பிடித்துக் குழுவில் போட்டுவிடுவார்கள். அப்படித்தான் மாட்டினேன்.

பெரிய விதிப்புத்தகம் உனக்கு மனப்பாடம். நான் சொல்லப்போவது அதற்கு மேல் ஊர்க்காரர்கள் ஒட்டிவைக்கிற இரண்டு பக்கத் தாள். இங்கே அனேகமாக ஒவ்வொரு லீக்கும் அப்படி ஒன்று வைத்திருக்கும். இந்த நாட்டுச் சாஃப்ட்பால் சங்கமான யூ.எஸ்.ஏ. சாஃப்ட்பாலின் புத்தகத்தில் இருப்பதுதான் அடிப்படை, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒத்துவராத இடங்களில் மட்டும் இந்தத் தாள் குறுக்கே வரும்.

எங்கள் தாளில் முதல் வரி, மூன்றாம் பேஸிலிருந்து, ரன் கிடைக்கிற ஹோமுக்கு ஸ்டீல், அதாவது பந்து அடிபடாமலே திருட்டு ஓட்டம், கிடையாது. யாராவது பந்தை அடித்தால்தான் வரலாம். ஏன் தெரியுமா? இந்த வயதில் பேட்டருக்குப் பின்னால் நிற்கிற கேட்சர் கையில் பாதிப் பந்து நிற்காது. இந்த வரி இல்லாத காலத்தில் ஒரு பிள்ளை நாலு பால், அதாவது விலகிப்போகிற நாலு பந்து, வாங்கி முதல் பேஸுக்கு நடப்பாள், இரண்டாவது திருடுவாள், மூன்றாவது திருடுவாள், கேட்சர் பந்தைத் தேடி வலைப்பக்கம் ஓடும்போது ஹோமுக்கு வந்துவிடுவாள். மட்டையில் பந்தே படாமல் ஐந்து ரன். வெளியே ஃபீல்டில் நிற்கிற பிள்ளைகள் புல் பிடுங்கி மாலை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது, பேட்டர் அடிக்காமல் விட்ட மூன்றாவது நல்ல பந்தை, அதாவது மூன்றாவது ஸ்ட்ரைக்கை, கேட்சர் தவறவிட்டாலும் அவுட் அவுட்தான், முதல் பேஸுக்கு ஓட்டம் கிடையாது. அரை இன்னிங்ஸில் ஐந்து ரன் வந்தால் பக்கம் மாற வேண்டும், கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் கணக்கில்லை. பந்து வீசுகிற பிட்சரும் பேஸ்களை ஒட்டி இன்ஃபீல்டில் நிற்பவர்களும் முகக்கவசம் போடாமல் இறங்கக் கூடாது. முப்பத்தைந்து அடி தூரத்தில் நிற்கிற பிட்சர் மூஞ்சிக்கு நேரே அடித்த பந்து திரும்பி வந்தால் கை தூக்க நேரம் இருக்காது, இதில் மட்டும் யாரும் சண்டை போட்டதில்லை. வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பேட்டிங் வரிசையில் இருப்பார்கள், யாரையும் பெஞ்சில் உட்காரவைத்தே அனுப்ப முடியாது. நாலு பால் ஆகிவிட்டால் வாக் இல்லை, அடிக்கிற அணியின் கோச்சே உள்ளே வந்து வீசுவார், அதுவரை விழுந்த ஸ்ட்ரைக் அப்படியே தொடரும்.

தொண்ணூறு நிமிடம் ஆனபின் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று ஒன்று இருக்கிறது. மைதானம் காலியாக வேண்டுமே என்று யாரோ நல்லெண்ணத்தில் எழுதினது. போன வருஷம் ஒரு கோச் ரெண்டு ரன் முன்னால் இருந்தபோது என்ன செய்தார் தெரியுமா? வரிசையாக ஒவ்வொரு பிள்ளையையும் ஷூ லேஸ் கட்டச் சொன்னார்! ஏற்கெனவே கட்டியிருந்த பிள்ளை முழித்துக்கொண்டு அவரைப் பார்க்கிறாள், அவர் குனிந்து அவிழ்த்துவிடுகிறார். அதற்குப்பிறகுதான், வேண்டுமென்றே இழுத்தடிப்பதாக அம்பயருக்குப் பட்டால் கடிகாரத்தை நிறுத்தலாம் என்ற வரி சேர்ந்தது. தாளில் பாதி வரி பிள்ளைகளுக்காக எழுதினது, மீதிப் பாதி இந்த மாதிரி ஆம்பிளைகளுக்காக.

ஒரு வரி என்னால் வந்தது. பெரிய புத்தகப்படி ஆள் குறைவாக ஆடினால், போன பிள்ளையின் முறை வரும்போது அது ஒரு அவுட். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பரதநாட்டிய வகுப்பு இருக்கிற பிள்ளைகள் எங்கள் அணியில் மூன்று பேர். சலங்கைப் பையோடு காரில் ஏறுகிறவளுக்காக மிச்சப் பிள்ளைகள் ஏன் அவுட் ஆக வேண்டும்? எழுதிக் கொடுத்தேன், ஒரே கூட்டத்தில் நிறைவேறியது. பாதியில் கிளம்பினவளைத் தாண்டி அடுத்த பிள்ளை ஆடலாம். தமிழ் அம்மாக்கள் அதை நாட்டிய விதி என்கிறார்கள். அந்த வெற்றியில் தலை கொஞ்சம் வீங்கித்தான் நேற்று அடுத்ததை எடுத்துக்கொண்டு போனேன்.

நேற்று நான் கேட்டது இவ்வளவுதான். ஒரு ஆட்டத்தில் ஒரு பிள்ளை மூன்று இன்னிங்ஸுக்கு மேல் பிட்ச் செய்யக் கூடாது.

எங்கள் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். பத்து வயது, ஒல்லி, கை முழுவட்டம் சுற்றி வரும்போது பார்த்தால் உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அவ்வளவு அழகு. அவள் வீசினால் பந்து நேராகப் போகிறது. இந்த வயதில் அதுவே பெரிய ஆயுதம். அதனால் சனிக்கிழமை முழு ஆட்டம் அவள், ஞாயிற்றுக்கிழமையும் அவள். நடுவாரத்தில் காசு கட்டித் தனிப் பயிற்சி வேறு. நான் ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை 118 பந்து. மறுநாளும் அவளே வந்து நின்றாள்.

பக்கத்து மைதானத்தில் அதே வயதுப் பையன்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007இலிருந்து அவர்களுக்குப் பந்துக் கணக்கு வைத்திருக்கிறது. ஒன்பது, பத்து வயதுப் பையன் ஒரு நாளைக்கு 75 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 66ஐத் தொட்டுவிட்டால் நாலு நாள் ஓய்வு. பையன் தோளுக்கு இவ்வளவு கணக்கு பார்க்கிற ஊரில், எங்கள் தாளில் பிள்ளைகளின் தோளுக்கு ஒரு வரி கூட இல்லை. கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள், கீழிருந்து வீசுவது உடம்புக்கு இயற்கையான அசைவாம், தோளை ஒன்றும் செய்யாதாம். அளந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை, ஜெயா. கையை முழுவட்டம் சுற்றி வீசுகிற இந்த விண்ட்மில் வீச்சில் தோளுக்கு வருகிற பாரம் மேலிருந்து எறிவதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடி வாங்குவது தோளின் முன்பக்கம், பைசெப்ஸ் தசை போய் ஒட்டுகிற இடம். நம்ம லீலா அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு பரீட்சை எழுதினது நினைவிருக்கிறதா? அப்போது அமிர்தாஞ்சனம் தடவி மறுநாள் மறுபடி இறக்கிவிட்டார்கள். எனக்கு அதுதான் கண்முன் வருகிறது.

எதிர்த்துப் பேசினவர் அந்தப் பெண்ணின் அப்பா, அவரே கோச். அவரை வில்லன் ஆக்கிவிடாதே, ஷூ லேஸ்காரர் வேறு ஆள். இவர் ஆட்டம் முடிந்த பிறகும் நின்று, எதிரணிப் பிள்ளைக்குக் கூட மணிக்கட்டை எப்படி உதறுவது என்று சொல்லிக் கொடுப்பவர். எங்கள் வீட்டு முன்வாசலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சின்னவளுக்குப் பந்து பிடித்திருக்கிறார். அதனால்தான் நேற்று அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அவர் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. மற்ற பிள்ளைகளால் ஸ்ட்ரைக் போட முடியவில்லை, அவர்களை நிறுத்தினால் நாலு பால், நாலு பால் என்று போகும், கடைசியில் என்னை மாதிரி நாற்பத்தைந்து வயது கோச்சுகள்தான் உள்ளே வந்து வீசிக்கொண்டிருப்போம், அதற்குப் பெயர் பெண்பிள்ளைகள் லீக்கா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான், அவர்களுக்கு ஏன் ஸ்ட்ரைக் வரவில்லை, சீசன் முழுக்க அவர்கள் கையில் பந்தே வரவில்லையே என்றேன். ஒரே பிள்ளை வீசினால் ஆட்டம் நன்றாக இருக்கும், ஆனால் அடுத்த வருஷம் அவள் பன்னிரண்டு வயதுப் பிரிவுக்குப் போனதும் இங்கே பிட்சர் என்று ஒருத்தியும் இருக்கமாட்டாள். இந்த வருஷமே அப்படித்தான் ஆனது, போன வருஷத்து நட்சத்திரம் மேலே போய்விட்டாள். இதற்கு அவரிடம் பதில் இல்லை.

அப்புறம் இன்னொருத்தர் ஜப்பான்காரி உயேனோவை இழுத்துக்கொண்டு வந்தார். 2008 பெய்ஜிங்கில் இரண்டே நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கினாளே, அவளுக்கு என்ன ஆயிற்று என்று. உயேனோவுக்கு அப்போது இருபத்தாறு வயது, ஒலிம்பிக் இறுதி ஆட்டம், நம் பிள்ளைகள் ஜெயித்தால் கிடைப்பது பீட்சா என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் வழக்கமான ஆயுதம் வந்தது. "உள்ளூர் விதியை ஏற்றிக்கொண்டே போனால் இது அசல் சாஃப்ட்பால் இல்லை." அதற்கு நான் வாய் திறப்பதற்குள் எங்கள் அம்பயர் தாத்தா சிரிக்க ஆரம்பித்தார். அவருக்கு வலது கையில் இரண்டு விரல் கோணல். இளவயது முழுக்கச் சிகாகோவின் பதினாறு இஞ்ச் சுற்றளவுப் பந்து ஆடினவர். தேங்காய் அளவு பந்து, கையுறை இல்லாமல் வெறும் கையில் பிடிக்க வேண்டும், அது இந்த ஊரின் தனி விதி, இன்றைக்கும் ஆடுகிறார்கள். எது அசல் என்று அவர் கேட்டார். 1887இல் நன்றி நவிலல் நாள் அன்று சிகாகோவின் ஃபாரகட் படகுக் கழகத்துக்குள் ஜார்ஜ் ஹேன்காக் என்பவர் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டி, தரையில் சாக்பீஸால் கட்டம் கிழித்து ஆடவைத்தாரே, அதுவா? அதில் எந்தப் புத்தகம் இருந்தது? அங்கே இருந்தவர்கள் இடத்துக்குத் தக்கபடி எழுதிக்கொண்டதுதானே? எனக்கு எழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷம் சிகாகோவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இந்த ஆட்டம் பிறந்ததே இங்கேதான் என்று எனக்குத் தெரியாது, அதை மட்டும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முடிவு? ஐந்துக்கு நாலு என்று தோற்றேன். ஆனால் முழுத் தோல்வி இல்லை. இலையுதிர் கால சீசனில் கோப்பை, தரவரிசை எதுவும் கிடையாது, அதில் மட்டும் மூன்று இன்னிங்ஸ் விதியை வைத்துப் பார்ப்பது, எல்லா அணிகளும் பந்தை எண்ணி எழுதுவது, வசந்தகால ஆட்டத்துக்கு அப்படியே கொண்டுபோகலாமா என்று பிப்ரவரியில் மறுபடி கூடிப் பேசுவது என்று முடிவானது. இந்தச் சமரசத்தை முன்மொழிந்தது யார் என்று நினைக்கிறாய்? அந்த அப்பாதான். வெளியே வந்து கார் கதவைத் திறக்கும்போது, "உன் மகளும் இப்போது பிட்ச் செய்ய வேண்டி வரும், தெரியுமில்லையா" என்றார். கிண்டலா நிஜமா என்று எனக்கு விளங்கவில்லை.

சின்னவள் நிலைமை என்னவென்றால், அவள் வீசுகிற பந்தில் பத்துக்கு ஏழு பேட்டரின் தலைக்கு மேல் போகிறது. இவர், "விதியை மாற்றி மகளை பிட்சர் ஆக்கினவள்" என்று எனக்குப் பட்டம் கொடுத்தாயிற்று. ஊரிலும் யாரோ அப்படிச் சொல்லத்தான் போகிறார்கள். சொல்லட்டும்.

இப்போது எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். உன் பள்ளியில் ஒரு அணிக்கு எத்தனை பிட்சர் தயார் செய்கிறாய்? போட்டி இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நடக்கும்போது ஒருத்தியையே இறக்குகிறாயா, மாற்றுகிறாயா? பந்து மேலே போகிற பிள்ளைக்கு நீ எதை முதலில் திருத்துவாய், காலையா, கை விடுகிற இடத்தையா? தோள் வலி என்று பிள்ளைகள் உன்னிடம் வாய் திறந்து சொல்கிறார்களா, அல்லது நம்மை மாதிரி மறைக்கிறார்களா? விவரமாக எழுது, பிப்ரவரிக்குள் எனக்குத் தேவை. "இந்தியாவில் பதினெட்டு வருஷம் பயிற்சி கொடுத்த ஒரு நிபுணர்" என்று உன்னைக் கூட்டத்தில் மேற்கோள் காட்டப்போகிறேன், அதனால் எழுத்துப்பிழை இல்லாமல் எழுது. வழக்கம்போலக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போகாதே.

டிசம்பரில் ஊருக்கு வரும்போது பதினொரு இஞ்ச் பந்து ஒரு டஜன் கொண்டுவருகிறேன். உன் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு இஞ்ச் கையில் அடங்காது என்றாயே, இது அடங்கும். பதிலுக்கு எனக்கு இருட்டுக்கடை அல்வா எவ்வளவு என்பதை உன் மனசாட்சியே முடிவு செய்யட்டும்.

உன்
வசந்தி