ஏழு பேர் ஆடிய ஐஸ் ஹாக்கி

பிரின்ஸ்டன், நியூஜெர்சி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் பெரியம்மாவும் நலம்தானே? ஜனவரி பிறந்ததும் இங்கே குளிர் இறுகிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இந்த மாதங்களில் ஊர் கூடும் இடம் என்றால் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அரங்கம்தான். அதற்கு ஏன் ஹோபி பேக்கர் பெயர், அவர் அப்படி என்ன ஆடினார் என்று கேட்டிருந்தீர்கள். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடித்தவருக்கு மேலோட்டமாகச் சொன்னால் போதாது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்றைய ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் பிரின்ஸ்டனில் படித்தது 1910 முதல் 1914 வரை. கடைசி ஆண்டில் அவரே கேப்டன். அப்போது பக்கத்துக்கு ஏழு பேர். கோல்கீப்பர், அவருக்கு முன்னால் பாயிண்ட், அதற்கும் முன்னால் கவர் பாயிண்ட் (இருவரும் தடுப்பாட்டக்காரர்கள்), முன்வரிசையில் சென்டர், இரண்டு விங். ஏழாவது ஆள் ரோவர். அவருக்கு நிலையான இடம் கிடையாது; தாக்குதலுக்கும் போவார், காக்கவும் திரும்புவார். பேக்கர் ரோவர். 20 நிமிடமாக இரண்டு பாதி. இப்போது முக்கால் நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுகிறார்களே, அந்த வழக்கமே அப்போது இல்லை. இறங்கிய ஏழு பேர்தான் பெரும்பாலும் கடைசி வரை.

அடுத்தது முக்கியமான விதி: முன்னோக்கிப் பாஸ் கொடுக்கக்கூடாது. பக்குக்கு, அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வில்லைக்கு, முன்னால் நிற்கிற சக ஆட்டக்காரர் ஆப்சைடு. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தள்ள முடியும். உங்கள் காலத்து ஹாக்கியிலும் ஆப்சைடு உண்டு, ஆனாலும் பந்தை முன்னால் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடலாம். இங்கே அதற்கு வழியில்லை. ஒருவர் பக்கை மட்டையிலேயே வைத்துக்கொண்டு எதிராளிகளை ஏமாற்றிக் கடந்து போக வேண்டும். விங்கில் வருகிறவர்கள் அவரோடு ஒரே வரிசையில், ஒரு அடி கூட முந்தாமல் வர வேண்டும். அவசரப்பட்டு முந்தினால் விசில். தயங்கிப் பின்தங்கினால், பக் வைத்திருப்பவர் தனியாக மாட்டிக்கொள்வார். கவர் பாயிண்டும் பாயிண்டும் ஒருவர் பின் ஒருவராக நிற்பதால் முதல் ஆளைத் தாண்டின மறுநொடியே அடுத்தவர் எதிரே இருப்பார். நெருக்கடி வந்தால் அந்த இருவரும் பக்கை உயரத் தூக்கி மறுமுனைக்கு அடித்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள்.

பேக்கரின் வழி வேறு. சொந்த கோலுக்குப் பின்னால் வட்டமடித்து வேகத்தைச் சேர்த்துக்கொண்டு கிளம்புவார். நடுத்தளத்துக்கு வரும்போது முழு வேகம். நின்ற இடத்திலிருந்து மறிப்பவருக்கு அந்த வேகத்தை எட்டிப் பிடிக்க நேரமிருக்காது. கண் பக்கின் மேல் இருக்காது, எதிராளியின் மேல் இருக்கும். கான்கார்டில் பள்ளியில் படிக்கும்போது இரவில் இருட்டிலேயே குளத்து ஐஸில் பயிற்சி செய்து அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அடாவடியும் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் அறைக்குப் போய்க் கைகொடுத்துவிட்டு வருவார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

இத்தனைக்கும் அந்த அணிக்குச் சொந்தத் தளமே கிடையாது. பயிற்சிக்கு கார்னகி ஏரி. துடுப்புப் படகுக்காக அணை கட்டி 1906-இல் உருவாக்கியது. ஏரி ஐஸை நம்பி ஒரு பருவம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை இங்கே ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆள் நடக்கவே தெளிந்த ஐஸ் நாலு அங்குலமாவது வேண்டும். பனி பெய்து மூடிவிட்டால் அது கம்பளி மாதிரி குளிரைத் தடுத்துவிடும். கீழே ஐஸ் தடிக்காது. உடனே வாரித் தள்ள வேண்டும். அப்படியே விட்டால் உருகி மறுபடி உறைந்து வெள்ளை ஐஸாகும். அதற்குப் பாதி வலுதான். பாலத்தூண்களைச் சுற்றியும் ஓடை வந்து சேரும் இடத்திலும் எப்போதுமே மெலிசு. வெயில் ஏறினால் மேலே தண்ணீர் நிற்கும், பக் நகராது. நாலு நாள் வெதுவெதுப்பாக இருந்தால் பயிற்சியே இல்லை.

அதனால் சொந்த ஊர் ஆட்டங்களைக் கூட ரயிலேறி நியூயார்க் போய்த்தான் ஆடினார்கள். 66-ஆம் தெருவில் செயின்ட் நிக்கலஸ் ரிங்க் என்ற ஐஸ் அரங்கம்; 1896-இல் திறந்தது, செயற்கை ஐஸ். அமோனியா இயந்திரம் உப்புக் கரைசலைக் குளிர்விக்கும். உப்பு நீர் பூஜ்யத்தில் உறையாது. அதைத் தரையடிக் குழாய்களில் ஓட விட்டு, மேலே தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளித்து, ஒவ்வொரு படலமும் உறைந்த பிறகு அடுத்ததைத் தெளிக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் காற்றுக்குமிழி சிக்கி, ஸ்கேட் பட்டதும் பெயரும். பாதி ஆட்டத்துக்குள் தளம் முழுக்கத் தூள். அதை ஆட்களே சுரண்டி வாரினார்கள். ஐஸைச் சுரண்டிச் சீராக்கும் ஜம்போனி வண்டி வந்தது 1949-இல்தான். பிற்பாதியில் வேகம் குறைவதற்குக் கால் சோர்வு ஒரு காரணம், கீறிய ஐஸ் இன்னொன்று.

1914 ஜனவரி 24-இல் இந்தக் குறைகளெல்லாம் ஒன்றாகக் கூடின. பாஸ்டன் அரீனாவில் ஹார்வர்டோடு ஆட்டம். இரண்டு பாதியும் முடிந்தபோது 1-1. கூடுதல் நேரம் தொடங்கியது. அதுவே அரை மணிக்கு மேல் போனது. கடைசியில் லெவரெட் சால்டன்ஸ்டால் போட்ட கோலில் ஹார்வர்ட் 2-1. பின்னாளில் மாசசூசெட்ஸ் கவர்னராகவும் செனட்டராகவும் இருந்தவர் அவர்தான். ஒற்றை ஆளின் ஓட்டத்தை நம்பிய அணிக்கு ஆட்டம் நீள நீள ஆபத்து என்பதே என் கணிப்பு. நல்ல பாஸ் ஒன்று அரைத் தளத்தை மிச்சப்படுத்தும். விதி அதைத் தடுத்தபோது ஒவ்வொரு தாக்குதலுக்கும் முழுத் தளத்தையும் கால்தான் கடக்க வேண்டியிருந்தது. மேற்குக் கடற்கரையின் தொழில்முறை லீக்கில் அதே பருவத்தில்தான் நடுத்தளத்தில் முன்பாஸ் அனுமதித்தார்கள்.

பேக்கர் 1918 டிசம்பரில், போர் முடிந்த மறுமாதம், பிரான்சில் விமான விபத்தில் இறந்துபோனார். வயது 26. அவர் பெயரில் 1923-இல் திறந்த அரங்கம்தான் பிரின்ஸ்டனுக்கு முதல் சொந்தத் தளம்.

சாமான்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பக் கெட்டி ரப்பர், 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன். ரப்பர் சூடானால் துள்ளும், அதனால் இப்போது உறையவைத்தே கொண்டுவருகிறார்கள். கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். அந்தக் காலத்து மட்டை ஒரே மரத்தில் செதுக்கியது. அலகு வளையாது, தட்டை. ஹெல்மெட் கிடையாது. கோல்கீப்பர் கால் காப்பு நம் ஊர் கிரிக்கெட்டில் காலில் கட்டும் பேட்தான்: 1896-இல் வினிபெக் கோல்கீப்பர் மெரிட் அதைக் கட்டிக்கொண்டு இறங்கியதிலிருந்து பரவியது. தம்பிகளிடம் பழைய கால் பேட் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெரியம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்