ஷெஃபீல்டில் இருக்கும் மாப்ளைக்கு

பாளையங்கோட்டை,
20.5.2025

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். உன் மூட்டு வலிக்கு அந்த ஊர்க் குளிர் ஆகாது என்று கிளம்பும்போதே சொன்னேன், நீ எங்கே கேட்டாய்? இங்கே அக்னி நட்சத்திரம். மத்தியானம் வண்ணார்பேட்டைப் பாலத்தைத் தாண்டி வருவதற்குள் தலை கிறுகிறுக்கிறது. ஆற்றில் முழங்காலளவுதான் தண்ணீர்.

அதெல்லாம் இருக்கட்டும். மருமகன் டிக்கெட் எடுத்து குரூசிபிள் தியேட்டருக்குக் கூட்டிப் போனால், நீ அங்கே உட்கார்ந்து தூங்கிவிட்டு வந்திருக்கிறாய். அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய்! கியூ கோலால் பந்தைத் தட்டி டேபிள் ஓரத்துப் பாக்கெட்டில் தள்ளி நாம் ஆடினோமே, அந்த ஸ்னூக்கரின் உலக சாம்பியன்ஷிப் 1977இலிருந்து நடக்கிற இடம்டே அது. மொத்தமே 980 இருக்கை. அதில் ஒன்றில் நீ குறட்டை விட்டிருக்கிறாய்.

நடுவில் எதற்குத் தடுப்பு என்று கேட்டிருந்தாய். முதல் சுற்றில் 32 பேர் இருப்பார்கள். பதினேழு நாளில் முடித்தாக வேண்டும், அதனால் இரண்டு டேபிள். அரையிறுதி வந்ததும் தடுப்பை எடுத்துவிட்டு, ஒரே டேபிளை நடுவில் போட்டுவிடுவார்கள். ஆடுகிறவர்களுக்கு அந்த ஒற்றை டேபிளில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்பது பெரிய ஆசை.

எல்லாரும் வெயிஸ்ட்கோட் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டு பேண்டு செட்டுக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள், யார் ஜெயித்தால் என்ன என்றும் எழுதியிருந்தாய். சரி, ஆட்டம் பிடிக்கவில்லையா, கணக்கைப் பார். ஆயுள் முழுக்கப் பேரேடு புரட்டிய ஆள் நீ, உனக்கு இது பிடிக்கும். தரவரிசைப் போட்டி என்றால் இப்போது பாயிண்ட் எல்லாம் கிடையாது. 2014இலிருந்து பரிசுப் பணம்தான் தரவரிசை. கடைசி இரண்டு வருடத்தில் தரவரிசைப் போட்டிகளில் எத்தனை பவுண்டு சம்பாதித்தாயோ அதுதான் உன் இடம். இந்த வருடப் போட்டி முடிந்ததும், இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே போட்டியில் சம்பாதித்த தொகையைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். 2023இல் பெல்ஜியத்துக்காரன் லூக்கா பிரெசெல் உலக சாம்பியன் ஆனானே, அந்த 5 லட்சம் பவுண்டு இந்த மே மாதம் அவன் கணக்கிலிருந்து போய்விட்டது. அதே ராத்திரி 5 லட்சம் பவுண்டு, இந்த வருடம் ஜெயித்த ஜாவோ சின்டாங் கணக்கில் ஏறியது. சைபரில் இருந்தவன் நேரே உலகத் தரவரிசையில் 11ஆவது இடம்!

ஜாவோ கதை உனக்குத் தெரிந்திருக்காது. 2021இல் யுகே சாம்பியன்ஷிப் ஜெயித்த பையன், இடது கை ஆட்டக்காரன். அப்புறம் சூதாட்ட விவகாரத்தில் மாட்டிக்கொண்டான். தன் ஆட்டத்தை அவன் விற்கவில்லை. வேறொருவர் விற்றதில் உடந்தை, பந்தயமும் கட்டினான் என்று 20 மாதம் தடை போட்டார்கள். திரும்பி வந்தபோது தொழில்முறைப் போட்டிகளில் ஆட உரிமை தருகிற அட்டை இல்லை, அமெச்சூராகத்தான் தகுதிச் சுற்றில் நுழைந்தான். அங்கே நாலு ஆட்டம், பிறகு குரூசிபிளில் ஐந்து. அரையிறுதியில் ரோனி ஓ'சல்லிவனை 17-7 என்று அடித்தான். ஏழு தடவை உலக சாம்பியன் ஆன மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. சீனாவிலிருந்து வந்த முதல் உலக சாம்பியன் ஜாவோதான். ஒரு அமெச்சூர் ஜெயித்ததும் இதுதான் முதல் தடவை.

இறுதியாட்டத்தின் கடைசிப் பகுதி நமக்கு ராத்திரி பதினொன்றரைக்கு. ஜாவோ 17-8, இன்னும் ஒரே ஒரு ஃபிரேம், அதாவது ஒரு சின்ன ஆட்டம், எடுத்தால் போதும். எதிரில் மார்க் வில்லியம்ஸ், ஐம்பது வயது, நம்மைவிடக் கொஞ்சம்தான் சின்னவர். இந்த வயதில் உலக சாம்பியன்ஷிப் இறுதிக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. முடிந்துபோன ஆட்டம் என்றுதான் நானும் போனை மூடப் போனேன். அந்த ஆள் அசராமல் வரிசையாக நாலு ஃபிரேம் எடுத்தார். 17-12. எனக்குத் தூக்கமே போய்விட்டது. "அர்த்த ராத்திரியில் யாருக்கு என்ன ஆச்சு" என்று உன் தங்கச்சி எழுந்து வந்து திட்டிவிட்டுப் போனாள். அடுத்த ஃபிரேமில் ஜாவோ முடித்துவிட்டான், 18-12.

ஆனால் எனக்கு இந்தக் கணக்கில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஷெஃபீல்டில் கோப்பைக்கு 5 லட்சம், கொச்சியில் நடந்த இந்தியன் ஓப்பனுக்கு 50,000. பத்துக் கொச்சி ஜெயித்தால்தான் ஒரு ஷெஃபீல்டு. வாரா வாரம் கால் இறுதி வரை போய் உழைக்கிறவனைவிட, ஒரு பதினேழு நாள் வெளுத்து வாங்கியவன் மேலே நிற்கிறான். எனக்கு இது சரியாகப் படவில்லை.

எல்லாரும் முதல் இடத்தையே பார்க்கிறார்கள், நான் 64ஆவது இடத்தைப் பார்ப்பேன். சீசன் முடியும்போது முதல் 64 பேருக்கு அட்டை தங்கும். அதற்குக் கீழே இருந்து இரண்டு வருட அட்டை முடிகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பத் தகுதிச் சுற்றில் நின்று ஜெயித்து வர வேண்டும். 2019இல் பாலருவி எக்ஸ்பிரஸ் பிடித்துக் கொச்சிக்குப் போனேனே, உன்னைக் கூப்பிட்டதற்கு மார்ச் கணக்கு முடிக்கணும் என்றாய். போல்காட்டித் தீவில் பெரிய ஓட்டல், உள்ளே ஏசி உதறுகிறது. ஒருவன் தோற்றான், பெயர் வேண்டாம். கை கொடுத்துவிட்டு ஓரமாய் வந்து கியூவை இரண்டாகக் கழற்றினான், திருகு மரையை விரலாலேயே துடைத்தான், பெட்டியில் வைத்துக் கிளிப்பை ஒன்று, இரண்டு என்று போட்டான். பிறகு போனை எடுத்து விமான டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று பேச ஆரம்பித்துவிட்டான். விமானம், தங்குமிடம் எல்லாம் அவன் கைக்காசு. அந்தத் தடவை ஜெயித்தது மேத்யூ செல்ட், லூ ஹாவ்தியானை 5-3. அவருக்கு அதுதான் முதல் தரவரிசைப் பட்டம். அதற்குப் பிறகு இந்தியன் ஓப்பனே நடக்கவில்லை.

விதிகளை எழுதியது நம்ம ஊட்டி கிளப்பில், 1882இல். இன்று நம் ஆள் ஒருவன் இதில் பிழைக்க வேண்டுமென்றால் இங்கிலாந்தில் வீடு பிடிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டின் பெரிய ஆட்டக்காரர் பங்கஜ் அத்வானியே 2012இல் தொழில்முறைக்குப் போய், 2014இல் போதும் என்று திரும்பிவிட்டார். டெல்லியில் 2013இல் நடந்த முதல் இந்தியன் ஓப்பனில் ஆதித்யா மேத்தா இறுதி வரை போனார், சீனாவின் டிங் ஜுன்ஹுயிடம் 5-0 என்று தோற்றார். ஒரு இந்தியன் தரவரிசைப் போட்டியின் இறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. இப்போது மும்பைப் பையன் இஷ்பிரீத் சிங் சத்தா ஆடிக்கொண்டிருக்கிறான். போன வருடம் இங்கிலிஷ் ஓப்பனில் முன்னாள் உலக சாம்பியன் மார்க் செல்பியை அடித்து அரையிறுதி வரை போனான். அவன் பெயர் பட்டியலில் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு போட்டி முடிந்ததும் பார்த்துவிடுவேன்.

நாம் ஆடிய ஜங்ஷன் கிளப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த அண்டர்கிரவுண்ட் முழுக்கத் தண்ணீர். துணி, குஷன், மரம் எல்லாம் நாசம். அங்கே ஷெஃபீல்டில் ஈரம் ஏறக்கூடாது என்று டேபிளுக்கு அடியில் ஹீட்டர் வைக்கிறார்கள், இங்கே டேபிளே இரண்டு நாள் முங்கிக் கிடந்தது. அடியில் இருந்த ஐந்து கல்பலகையும்தான் மிச்சம். கிளப் அண்ணாச்சி அதை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். போன மாதம் மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். கொல்லையில் துணி துவைக்கிற கல்லைப் பார்த்தால், இரண்டு ஓரத்திலும் அரைவட்டமாக வெட்டியிருக்கிறது. நம்ம டேபிளின் நடுப்பலகைடே! நீ பிங்க் பந்தை விட்டுத் தொலைத்த அதே நடுப் பாக்கெட். வழவழவென்று இருக்கிறது, அழுக்கு நன்றாகப் போகிறது என்று அந்த அம்மா சொன்னார்கள்.

பெருமாள்புரத்தில் புதிதாக ஒரு இடம் திறந்திருக்கிறார்கள். டேபிள் பரவாயில்லை, துணி மட்டும் கொஞ்சம் மந்தம். காலேஜ் பையன்கள் பாட்டைப் போட்டுவிட்டு ஆடுகிறார்கள். சாயங்காலம் போய் ஓரமாய் ஒரு ஃபிரேம் ஆடிவிட்டு வருவேன். வரும்போது கியூ நுனிக்கு ஒட்டுகிற நல்ல டிப் நாலைந்து வாங்கி வா, பத்து மில்லிமீட்டர். சாக்பீஸும் இரண்டு, பச்சை நிறத்தில், துணியில் கறை படியாததாக.

அப்புறம், உன் வீட்டுச் சொத்து வரி கட்டிவிட்டேன், ரசீது என்னிடம் இருக்கிறது. மாடித் தொட்டியில் பந்து வால்வு போயிற்று, பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன். கொல்லை மாமரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்தது. பழமெல்லாம் அணில் தின்கிறதே என்று நாங்களே பறித்துக்கொண்டோம். ஊறுகாய் ஒரு பாட்டில் உனக்கென்று உன் தங்கச்சி எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் மாப்ளை