தாத்தா இறங்கிய துறை

அன்புள்ள மகன் தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை நீ மூன்று முறை அழைத்தும் நான் எடுக்கவில்லை. பயந்துபோய் அப்பாவையும் அழைத்திருக்கிறாய். எனக்கு ஒன்றுமில்லை. கைப்பேசி பைக்குள், புளிச்சோற்று டப்பாவுக்கு அடியில் கிடந்தது. நான் நம் சிங்கப்பூரின் தெற்குக் கடலில், செயின்ட் ஜான்ஸ் தீவில் இருந்தேன். இதைத் தொலைபேசியில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் தொண்டை அடைத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

மாக்சிக் என்று நாம் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, கணவர் போன வருடம் இறந்ததிலிருந்து வெளியில் எங்கும் போகவில்லை. சந்தைக்குப் போவார், திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொள்வார். இரண்டு மாதத்துக்கு முன் அவரே வாய் திறந்து, "கடலைப் பார்க்கணும் போலிருக்கு, வர்றியா?" என்று மலாயில் கேட்டார். ஈஸ்ட் கோஸ்ட் போகலாம் என்றேன். அது கரையிலிருந்து பார்ப்பது, எனக்குப் படகில் போகணும் என்றார். சரி என்றேன்.

மரினா சவுத் பியர் வரை ரயிலே போகிறது. 2014இல் திறந்த நிலையம், நீ மெல்பர்ன் போன பிறகு வந்தது. வெளியே வந்தால் எதிரே படகுத்துறை. வார நாள் என்பதால் படகில் பாதி இருக்கைதான் நிறைந்திருந்தது. மாக்சிக் உள்ளே உட்காரவே இல்லை. மேல் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், முக்காடு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நங்கூரம் போட்ட கப்பல்கள். இத்தனை வருடம் இந்த ஊரில் வாழ்ந்தும் நான் அவற்றை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

மாக்சிக் மேற்கே கை நீட்டி, "என் வீடு அங்கே" என்றார். அவர் செமக்காவ் தீவில் பிறந்தவர் என்பது இருபது வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது தம்பி. தண்ணீருக்கு மேல் கால் நட்ட வீடு, அப்பா மீன் பிடிப்பவர், ஓதம் வற்றும்போது பிள்ளைகள் எல்லாம் சிப்பி பொறுக்கப் போவார்களாம். எழுபதுகளில் அந்தத் தீவு மக்களை இங்கே அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். அப்போது அவருக்குப் பதினாறு பதினேழு வயது. பிறகு செமக்காவையும் பக்கத்திலிருந்த சாக்கெங் தீவையும் 7 கிலோமீட்டர் நீளக் கல்லணையால் சேர்த்து வளைத்துக் கட்டினார்கள். 1999இலிருந்து நம் வீட்டுக் குப்பையெல்லாம் எரித்த பிறகு மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து தோணியில் அங்கேதான் போய்ச் சேருகிறது. அதைச் சொல்லும்போது மாக்சிக் அழவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஈரப்பலா மரம் இருந்தது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அரை மணி நேரத்தில் செயின்ட் ஜான்ஸ் வந்துவிட்டது. நகரத்திலிருந்து ஆறரை கிலோமீட்டர்தான். துறையில் நின்று திரும்பிப் பார்த்தால் உயரக் கட்டடங்கள் எல்லாம் எண்ணுகிற மாதிரி தெரிகின்றன. அங்கேதான் தம்பி, என் கால் நின்றுவிட்டது. உன் தாத்தாவுக்கு இந்த ஆறரை கிலோமீட்டரைக் கடக்கப் பதினான்கு நாள் ஆயிற்று.

உனக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று தெரியவில்லை, முழுதாகவே எழுதிவிடுகிறேன். தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினார். பதினேழு வயது. மேல்தளப் பயணி, அதாவது படுக்கை கிடையாது, பாய் விரித்த இடம்தான். அப்படி வந்தவர்களை நேராக ஊருக்குள் விடமாட்டார்கள், முதலில் இந்தத் தீவில் இறக்கிவிடுவார்கள். 1873இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவி நிறையப் பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த வருடமே இங்கே நோய்த்தடுப்பு நிலையம் திறந்தார்கள். சீனாவிலிருந்து வந்த கூலிகள், ஹஜ் முடித்துத் திரும்பியவர்கள், நம் ஊர் ஆட்கள் எல்லாரும் இதன் வழியாக வந்தவர்கள்தான். உடுத்திய துணியைக் கழற்றி வாங்கி நீராவியில் அவிப்பார்கள், மருந்து கலந்த தண்ணீரில் குளிக்க வைப்பார்கள், அம்மை குத்துவார்கள். தாத்தா வந்த கப்பலில் யாருக்கோ அம்மை கண்டிருந்ததாம், அதனால் எல்லாரையும் சேர்த்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். இதையும் தாத்தா சொல்லவில்லை, பாட்டிதான் சொன்னார். தாத்தா அந்த இடத்தின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார், 'குவாரண்டைன்' என்பதை 'கொரண்டி' என்பார், அதோடு பேச்சை மாற்றிவிடுவார். அவர் இடது தோளுக்குக் கீழே காசு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கும். சின்ன வயதில் நான் அதில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன்.

துறையிலிருந்து மேலே ஏறும் பாதையில் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. பழைய ஒற்றை மாடிக் கட்டடங்கள் அங்கங்கே தெரிகின்றன. எதில் தாத்தா இருந்தார் என்று யாரைக் கேட்பது? எங்கே பார்த்தாலும் பூனைகள். ஒன்று எங்கள் பின்னாலேயே வந்தது. தாத்தா காலத்துக்குப் பிறகும் இந்தத் தீவு ஆட்களை அடைத்து வைக்கும் இடமாகவே இருந்திருக்கிறது. பின்னாளில் நம் அதிபரான தேவன் நாயரை 1951இல் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து இங்கேதான் வைத்தார்கள். 1955இலிருந்து அபினுக்கு அடிமையானவர்களைக் கொண்டுவந்து குணப்படுத்தினார்கள். 1975இல்தான் நம்மைப் போன்றவர்கள் பொழுது போக்க வரும் இடமாயிற்று.

சாப்பாட்டை லாசரஸ் தீவில் வைத்துக்கொண்டோம். ஒரு தரைப்பாலம் வழியாக நடந்தே போய்விடலாம். என் முட்டி வலிக்கு நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. பிறை போல வளைந்த வெள்ளை மணல், அலையே இல்லாத தண்ணீர். இந்தக் கடற்கரையை 2024 ஜூனில் எண்ணெய் கசிந்து மூடி வைத்திருந்தார்கள், செய்தியில் பார்த்து வருத்தப்பட்டது நினைவிருக்கிறது. இப்போது இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் விரல் தெரிகிறது. மாக்சிக் நாசி லெமாக் கட்டி வந்திருந்தார், நான் புளிச்சோறும் அப்பளமும். மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போய், குனிந்து மணலைத் தடவித் தடவி ஏதோ தேடினார். கை நிறையச் சிப்பி எடுத்து வந்து என்னிடம் காட்டிவிட்டு, திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். அதற்காகவே இன்னும் பத்து முறை போகலாம்.

திரும்பும் படகு கூசு தீவிலும் நின்றது. ஆமைத் தீவு என்கிறார்கள், கடலில் தத்தளித்த ஒரு மலாய்க்காரரையும் ஒரு சீனரையும் காப்பாற்ற ஆமை தீவாக மாறியது என்று கதை. 1923இல் கட்டிய சீனக் கோயில் இருக்கிறது. குன்றின் மேல் 152 படி ஏறினால் மலாய்க்காரர்களின் புனிதத் தலமான கெராமாட், 2022இல் தீப்பிடித்த இடம். மாக்சிக் கீழே நின்றபடியே கையேந்தி துவா செய்தார். நான் நிழலில் உட்கார்ந்து ஆமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மனம் முழுக்க செயின்ட் ஜான்ஸ் துறையில்தான் இருந்தது.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். நீ உயர்நிலை இரண்டில் படிக்கும்போது, 2001இல், பள்ளி முகாமுக்கு அந்தத் தீவுக்குத்தான் போனாய். முந்தின இரவு நீ பையை அடுக்கிக்கொண்டிருந்தாய். தாத்தா பக்கத்தில் வந்து நின்று, "மூணு நாள்தானே? அதுக்கு மேல வச்சிருக்க மாட்டாங்களே?" என்று கேட்டார். நீ, நான், அப்பா எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மறுபடியும், "சொன்ன நாள்ல விட்டுருவாங்கதானே?" என்றார். நான் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டே, "ஆமாம்ப்பா, நீங்க போய்ப் படுங்க" என்றேன். எண்பத்தொரு வயது மனிதர், அறுபத்து நான்கு வருடம் அந்தப் பயத்தை உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். எனக்கு அது செவ்வாய்க்கிழமை, அந்தத் துறையில் நின்றபோதுதான் புரிந்தது.

நீ திரும்பி வந்த நாள் அவர் கீழே புளோக் வாசலிலேயே காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அன்று இரவு உன் அறையில், உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. நான் மறுநாள் வேலைக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், காது கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அவர் போய்விட்டார்.

பிப்ரவரியில் மழை குறைவாக இருக்கும், பாப்பாவுக்கும் இன்னும் பள்ளி தொடங்கவில்லை. முடிந்தால் அப்போது எல்லாரும் வாருங்கள், பாப்பாவை அந்தத் துறையில் இறக்கி நடக்க வைக்கலாம். மாக்சிக்கும் வருகிறேன் என்றிருக்கிறார். ஆனால் அதுவரை என்னால் காத்திருக்க முடியாது. அன்று இரவு தாத்தா உன்னிடம் என்ன சொன்னார்? ஒரு வரியோ, ஒரு சொல்லோ, எது நினைவில் இருந்தாலும் உடனே எழுது.

அன்புடன்,
அம்மா